மைதானத்து ஓநாயும் மன்னிப்பு வழங்கும் பெரியவர்களும்



ஒரு ஜோடி பூட்சிலிருந்து தொடங்குகிறேன்.

நம் பிள்ளைகள் எப்படி மைதானத்துக்குப் போய்ச் சேருகிறார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து அறை. அதில் ஆறு உயிர்கள். விடியுமுன் தாய் மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறாள். தகப்பன் பட்டறையிலோ, கட்டட வேலையிலோ, இட்லிக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகவோ அலைகிறான். பள்ளிக்கூடம் அரை நாள். மீதி அரை நாள் பிள்ளை எங்கே நிற்கும்? சந்தில் நின்றால் கஞ்சாக் கூட்டம். தண்டவாளப் பக்கம் போனால் பிணமாகத் திரும்பும். அந்த நேரத்தில் ஒருவர் வருகிறார். கழுத்தில் விசில், கையில் பந்து, வாயில் நம் ஊர்த் தமிழ்.

"அக்கா, உங்க பையன் காலில் வேகம் இருக்கு. என்கிட்ட விடுங்க. மாவட்ட டீமில் நிறுத்திக் காட்டுறேன். சர்ட்டிபிகேட் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை வரைக்கும் போகலாம்."

ரயில்வே வேலை! கூலிக்காரன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். என் தகப்பனார் அந்தச் சொல்லை உச்சரித்துக்கொண்டே செத்தார். தாய்க்குக் கண் கலங்குகிறது. ஒரு மாதம் கழித்து அவர் தன் கைக்காசில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்து, குனிந்து உட்கார்ந்து, பிள்ளையின் காலில் தானே மாட்டிவிடுகிறார். காலையில் ஒரு முட்டை, இரண்டு வாழைப்பழம். யார் செய்வார் இந்தக் காலத்தில்?

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே நல்லவர்கள். கூலி வாங்காமல், குடும்பத்தையும் பாராமல் நம் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் பலர் உண்டு. அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் பிள்ளையைத் தின்ன வருகிறவனும் இதே விசிலோடு, இதே முட்டையோடு, இதே பூட்சோடுதான் வருகிறான். தலைப்பில் ஓநாய் என்று போட்டேன். அவனுக்குக் கோரைப்பல் இருக்கும் என்று தேடாதீர்கள். வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து டீ குடிப்பான். தகப்பன் இல்லாத பிள்ளையாக, தகப்பன் குடிகாரனாக இருக்கும் பிள்ளையாகப் பார்த்து எடுப்பான். முதலில் வீட்டை வசப்படுத்துவான், பிறகுதான் பிள்ளை. "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று சின்ன ரகசியம் ஒன்றைப் பழக்குவான்: ஒரு ஐஸ்கிரீம், ஒரு சினிமா, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு செல்போன். அந்தச் சின்ன ரகசியத்தைப் பிள்ளை காப்பாற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் பெரிய ரகசியம் வரும்.

இனி நான் சொல்லப் போவது நம்மைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன், நம் குடியிருப்புகளில் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஓர் அறையில் ஏழு பெரியவர்கள் கூடினோம். ஆம், கூடினோம். நானும் அங்கே இருந்தேன். எதிரே ஒரு பயிற்சியாளர். சுவரோரம் ஒரு தாய். பிள்ளையை வெளியே நிறுத்தியிருந்தோம். ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா, எத்தனை வயது, என்ன விளையாட்டு என்பதை எழுத மாட்டேன். பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் அச்சில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த ஆள் மறுக்கவில்லை. ஏழு பேர் காலிலும் வரிசையாக விழுந்தான். "புத்தி கெட்டுப் போச்சு அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்றான். பெரியவர்கள் யோசித்தார்கள். வெளியே தெரிந்தால் பிள்ளையின் வாழ்க்கை என்னாவது? சங்கத்தின் பெயர் என்னாவது? நம் ஊர்க்காரன் வேறு. முடிவில் தீர்ப்புச் சொன்னார்கள்: இந்தப் பக்கம் இனிக் கால் வைக்கக்கூடாது, தாய்க்கு இருபதாயிரம் ரூபாய் தர வேண்டும். அந்த அம்மாள் பணத்தைத் தொடவில்லை. எழுந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். அந்த ஆண்டு போட்டிக்கு நன்கொடை திரட்டியவன் நான். பரிசளிப்பு மேடையில் அந்த ஆளுக்குச் சால்வை போர்த்தச் சொன்னவனும் நான்தான்.

நாலு மாதம் கழித்துத் தகவல் வந்தது: இன்னொரு புறநகரில், இன்னொரு மைதானத்தில், இன்னும் சின்னப் பிள்ளைகளோடு அவன் விசில் ஊதிக்கொண்டிருக்கிறான். நாம் அவனைத் தண்டிக்கவில்லை, தோழர்களே. இடமாற்றம் செய்தோம்! அன்று மாலை அந்தத் தாயின் வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி இது: "அன்னைக்கு உங்க நாக்கு எங்க போச்சு அண்ணாச்சி?"

மறுநாள் அவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வழக்கு பதிவாகியிருக்கிறது, அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது முறையல்ல.

பெரியவர்களை அடியோடு தூற்றவும் மனம் வரவில்லை. இந்தப் பஞ்சாயத்துப் பழக்கம் சும்மா வந்ததல்ல. 1966-க்குப் பிறகு இந்த நகரத்தில் 'மதராசி'யை விரட்டு என்ற கூச்சல் கிளம்பியது. லுங்கி கட்டியவனைக் கேலி பேசி அடித்தார்கள். தென்னாட்டார் ஓட்டல்கள் நொறுங்கின. அந்தக் காலத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிப்பது என்றால் நம்மவர்க்குக் குலை நடுங்கும். அடி வாங்கியவனையே உள்ளே பிடித்துப் போட்ட நாட்கள் அவை. ஆகவே சீட்டுப் பணத் தகராறு, வாடகைத் தகராறு, புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாவற்றையும் நமக்குள்ளேயே தீர்த்துக்கொண்டோம். அது நம்மைக் காத்தது. மறுக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்த கல்லுக்கு மறைப்பாக எழுப்பிய சுவர், உள்ளே இருந்து பிள்ளையைக் கடிப்பவனுக்கு மறைவிடமாகிவிட்டதே! அதையும் மானம் என்று சொல்லிக்கொண்டு காவல் காப்பதா?

பெரிய இடத்தில் மட்டும் நியாயம் கிடைத்துவிடுகிறதா என்று கேட்பீர்கள். அரியானாவில் நடந்ததைப் பாருங்கள். 1990 ஆகஸ்டு. பஞ்ச்குலாவில் டென்னிஸ் ஆடிய 14 வயதுச் சிறுமி. அவள் பெயர் நாடறிந்தது. ஆனாலும் இங்கே வேண்டாம். வெளிநாடு போகவிருந்த பெண் அவள். மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் எஸ்.பி.எஸ். ரத்தோர் வீடு தேடி வந்து தகப்பனிடம் சொன்னார்: அனுப்ப வேண்டாம், இங்கேயே தனிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறேன். அவர் வெறும் சங்கத் தலைவரல்ல, போலீஸ் ஐ.ஜி. மறுநாள், ஆகஸ்டு 12, அவள் தோழியோடு அவருடைய அலுவலகத்துக்குப் போனாள். பயிற்சியாளரைக் கூட்டி வா என்று தோழியை வெளியே அனுப்பிவிட்டு, அந்தச் சிறுமியிடம் முறைகேடாக நடந்துகொண்டார். திரும்பி வந்த தோழி கண்ணால் பார்த்தாள்.

பூட்சும் முட்டையும் அங்கே தனிப் பயிற்சியாக வந்தன. அவ்வளவுதான் வேறுபாடு.

அடுத்து நடந்ததுதான் நெஞ்சைப் பிளக்கிறது. அந்த ஆண்டே மாநிலப் போலீஸ் தலைவர் விசாரித்து, வழக்குப் போடலாம் என்று அறிக்கை கொடுத்தார். வழக்குப் போடவில்லை. சிறுமியைப் பள்ளிக்கூடம் வெளியேற்றியது. அவள் அண்ணன் மீது கார் திருடியதாக வழக்குக்கு மேல் வழக்கு. 1993 டிசம்பர் இறுதியில் அவள் நஞ்சருந்தி இறந்தாள். ரத்தோரோ 1999-இல் மாநிலத்தின் போலீஸ் தலைவரானார். உயர்நீதிமன்றம் தலையிட்டு, சி.பி.ஐ. விசாரித்து, 2009 டிசம்பரில் கிடைத்த தண்டனை ஆறு மாதம், ஆயிரம் ரூபாய் அபராதம்! மேல்முறையீட்டில் அது பதினெட்டு மாதமானது. 2016-இல் உச்சநீதிமன்றம், குற்றம் குற்றமே, ஆனால் இருந்த சிறைவாசம் போதும் என்றது. இத்தனை ஆண்டும் அந்தத் தோழியும் அவளைப் பெற்றவர்களும் நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்தார்கள். தம் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமைக்காக அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக நடந்தார்கள். அந்த ஒரு குடும்பத்துக்கு இருந்த முதுகெலும்பு, அன்றிரவு ஏழு பெரியவர்களிடம் இல்லை.

இது ஒற்றைச் சம்பவமா? இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களில் பத்தாண்டுகளில் 45 பாலியல் தொல்லைப் புகார்கள், அவற்றில் 29 பயிற்சியாளர்கள் மீது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2020-இல் வெளியாயிற்று. வந்த புகாரின் கணக்கு மட்டும் இது. வாய்க்குள்ளேயே செத்த புகாருக்குக் கணக்கு ஏது? 2023-இல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி நடைபாதையில் படுத்துக் கிடந்து, உச்சநீதிமன்றக் கதவையும் தட்டிய பிறகே ஏப்ரல் 28-இல் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. அந்த வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் சொல்லட்டும். புகாரை வாங்க வைப்பதற்கே ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள் நடைபாதையில் கிடக்க வேண்டியிருந்தது என்பதுதான் என் பேச்சு.

"ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன வந்துவிடும்?" என்று மீசையை முறுக்கும் தகப்பன்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் ஆண்பிள்ளைகள். கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். உங்கள் மகன் திடீரென்று "பிராக்டிசுக்குப் போக மாட்டேன்" என்று மூலையில் முடங்கினால், சோம்பேறி என்று பெல்ட்டை உருவுகிறீர்களே, ஒருநாளாவது ஏன் என்று கேட்டீர்களா?

தாய்மார்களே, உங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் லாரி நாசர் என்ற டாக்டர், ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்பிள்ளைகளை வைத்தியம் என்ற பெயரில் சீரழித்தான். சில நேரம் பெற்ற தாய் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவள் கண்ணுக்கு மறைவாக நின்று செய்தான். 1997-லேயே பிள்ளைகள் வாய் திறந்தார்கள், பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். 2018-இல் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் நீதிமன்றத்தில் எழுந்து பேசிய பிறகு அவனுக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறை. காரும் பங்களாவும் உள்ளவர்களையே ஏமாற்றியவனைப் போன்றவன், விடியலில் வேலைக்கு ஓடும் உங்களை ஏமாற்றுவது கடினமா?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். சட்டத்தை நம்பி மார் தட்டுகிறவன் அல்ல நான். ஆனால் கையில் இருக்கும் கம்பை வீசாமல் நாய் கடித்தது என்று அழுவதில் பயனில்லை.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது பொருந்தும். பிள்ளையின் நம்பிக்கைக்கோ அதிகாரத்துக்கோ உரிய இடத்தில் இருப்பவன் கெட்ட எண்ணத்தோடு தொட்டாலே குறைந்தது ஐந்தாண்டு சிறை. பயிற்சியாளர் அந்த இடத்தில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறார்? உடைக்கு மேல் தொட்டால் அது இந்தச் சட்டத்தின்படி பாலியல் தாக்குதலாகாது என்று நாகபுரியில் ஒரு தீர்ப்பு வந்தது. 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது.

எங்கள் ஏழு பேரையும் சுடும் பகுதி இனித்தான் வருகிறது. இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை. 2024-இல் நம் பக்கத்திலுள்ள பத்லாப்பூரில், பள்ளியில் நாலு வயதுச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, ஊர் திரண்டு ரயிலை மறித்தது நினைவிருக்கும். அந்த வழக்கில் புகார் சொல்லாமல் இருந்ததற்காகப் பள்ளி நிர்வாகிகள் மீதும் வழக்குப் பாய்ந்தது. ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு நாங்கள் வழங்கியது தீர்ப்பல்ல. அதுவும் ஒரு குற்றம். சமரசம் செய்துகொண்டோம் என்று பெற்றவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை அப்படிச் சமரசத்தின் பேரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து வழக்கை நடத்தச் சொல்லிவிட்டது.

மொழியைப் பற்றியும் கேளுங்கள். இது நமக்கென்றே உள்ளது. அன்று ஸ்டேஷனில் அதிகாரி மராத்தியில் கேட்டார். பிறகு இந்தியில் கேட்டார். அந்தத் தாய்க்குத் தெரிந்தது பாத்திரம் தேய்க்கும் வீட்டு இந்தி. "மேம்சாப், கல் நஹி ஆயேகா" என்பதோடு முடிந்துவிடும் இந்தி. அதை வைத்துக்கொண்டு தன் பிள்ளைக்கு நடந்ததை எப்படிச் சொல்வாள்? பிள்ளை சொல்லும் சொல் தமிழ்ச் சொல். அதிகாரியின் பேனா எழுதுவது வேறு சொல். பிறகு நீதிமன்றத்தில் எதிர் வக்கீல் கேட்பார்: அன்று இப்படியல்லவா சொன்னாய்? வழக்கு அங்கேயே சாகும். நான் மொழிபெயர்க்க முன்வந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த ஆளுக்குச் சால்வை போர்த்தியவன் அந்தப் பிள்ளையின் வாயாக இருக்கலாமா?

பிள்ளைக்குப் புரியாத மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கேளுங்கள், கேட்டு வாங்குங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். கூடுமானவரை ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், சீருடை இல்லாமல் வந்து, பெற்றவர் பக்கத்தில் இருக்க எடுக்க வேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. "இது எங்கள் எல்லை இல்லை" என்று விரட்டவும் முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் பதிவு செய்யலாம் என்பதை 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யக் காசு வேண்டியதில்லை. 1996-இல் இதே மும்பையில் தொடங்கிய எண் அது.

அரசு இன்னொரு சட்டமும் போட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தில், வீராங்கனைகளையும் சிறுவர் சிறுமியரையும் காக்கக் கொள்கை வகுக்க வேண்டும் என்று இருக்கிறது. நல்லது. ஆனால் அது தேசியச் சம்மேளனங்களை நோக்கிப் பேசுகிறது. மேம்பாலத்துக்கு அடியில் கல்லை நட்டு கோல்போஸ்ட் வைத்து ஆடும் நம் பிள்ளைகளை எந்தச் சம்மேளனம் எட்டிப் பார்க்கிறது? அந்த மைதானத்துக்கு அனுமதிக் கடிதம் கொடுப்பது நம் சங்கம். பேனர் கட்டுவது நம் சங்கம். அங்கே அரசு நாம்தான்.

"அப்படியானால் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடலாமே" என்று ஒரு நண்பர் உடனே சொன்னார். ஆகா, என்ன யோசனை! கடிக்கிற நாயை அவிழ்த்துவிட்டுப் பிள்ளையைக் கட்டிப்போடுவது. பிள்ளைகள் ஆட வேண்டும், பெண்பிள்ளைகள் கட்டாயம் ஆட வேண்டும். நிபந்தனை பயிற்சியாளருக்குத்தான்.

என்ன நிபந்தனை? எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் பூட்டிய அறையில் தனித்திருக்கக்கூடாது. தசைப்பிடிப்பு, மசாஜ் என்றால் நாலு பேர் பார்க்கத் திறந்த வெளியில். ராத்திரி பத்து மணிக்கு "சாப்பிட்டாயா கண்ணு" என்று பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் வேலை வேண்டாம். பெற்றவர் இருக்கும் குழுவில் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பட்டும். வெளியூர்ப் போட்டிக்கு ஒற்றை ஆள் கூட்டிப் போகக்கூடாது. பெண்பிள்ளைகள் போனால் கூட ஒரு பெண் போக வேண்டும். சைக்கிள் வீராங்கனை ஒருவரின் புகாருக்குப் பிறகு 2022-இல் இந்திய விளையாட்டு ஆணையமே தேசியச் சம்மேளனங்களுக்கு இப்படி உத்தரவிட்டிருக்கிறது. நமக்கு என்ன கேடு? பூட்ஸ், முட்டை, பஸ் கட்டணம் எல்லாம் சங்கத்தின் கணக்கிலிருந்து போகட்டும். எந்தப் பிள்ளையும் எந்தத் தனி மனிதனுக்கும் கடன்பட வேண்டாம். செய்ந்நன்றி என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்த நன்றியைத்தான் அவன் கயிறாகத் திரிக்கிறான். புதிதாக வருகிறவரை, முன்பு எங்கே பயிற்சி கொடுத்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டு, அந்த இடத்துக்கே ஒருவர் நேரில் போய் விசாரித்து வர வேண்டும். அந்த இன்னொரு புறநகர்க்காரர்கள் நம்மிடம் வந்து கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம் என்பதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நல்ல பயிற்சியாளர்கள் இதற்குக் கோபப்படுவார்கள் என்கிறார்கள். மூன்று பேரிடம் கேட்டேன். இருவர் அப்போதே சரி என்றார்கள். ஒருவர், "இது இருந்தா எனக்கும் பாதுகாப்பு அண்ணே, நாளைக்கு யாரும் பழி போட முடியாது" என்றார். மூன்றாமவர் முகம் சுளித்தார். அவரைத் தவறானவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய பயிற்சி நேரத்தில் இப்போதெல்லாம் கல்லின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்மொழியப் போகிறேன். ஒன்று, மேலே சொன்ன நிபந்தனைகள் எழுத்தில் வர வேண்டும். கையெழுத்திடாதவருக்கு மைதானம் இல்லை. இரண்டு, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் எதையும் சங்கத்தின் எந்தப் பொறுப்பாளரும் பஞ்சாயத்துப் பேசக்கூடாது. அன்றே தாயோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பேசித் தீர்த்தவர் யாராயினும் பொறுப்பிலிருந்து விலக்கப்பட வேண்டும். அன்றிரவு அறையில் இருந்த ஏழு பேரில் நாலு பேர் இன்றும் பொறுப்பில் இருக்கிறோம். என் விலகல் கடிதம் செயலாளரிடம் இருக்கிறது. தீர்மானம் எப்படிப் போனாலும் அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை.

முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். அந்த அம்மாள், தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை.